பதினோராம் எண் ரத்தம்

அந்த வருஷம் ஐப்பசியில் எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவராவது காய்ச்சலில் படுத்திருந்தார்கள். மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. மாடியில் கிடந்த உடைந்த பக்கெட், தண்ணீர் பிடித்து வைத்த டிரம், தேங்காய் ஓடு எல்லாவற்றிலும் கொசுப்புழு நெளிந்தது. நான் சென்னையில் விடுதியில் தங்கி முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்தேன். சனிக்கிழமை மாலை காஞ்சிபுரம் வந்தால் திங்கட்கிழமை விடியற்காலை ரயிலைப் பிடித்துப் போய்விடுவேன்.

கொசு கடித்து வரும் வைரஸ் காய்ச்சல்களை ரத்தத்தில் கண்டுபிடிப்பதுதான் என் ஆய்வு. குறிப்பாகச் சிக்குன்குனியா. வைரஸையே வளர்த்து வைத்துக்கொண்டு சோதனை செய்வது ஆபத்து. அதனால் அதன் மேலுறையில் இருக்கும் ஒரு புரதத்துக்கான மரபணுவை மட்டும் எடுத்து ஒரு சாதாரண பாக்டீரியாவுக்குள் வைத்துவிடுவோம். பாக்டீரியா தன் வேலையோடு வேலையாக அந்தப் புரதத்தையும் செய்து குவிக்கும். பாடப்புத்தகத்தில் இதை மறுசேர்க்கைப் புரதம் என்று போட்டிருப்பார்கள். நாங்கள் ரீகாம்பினன்ட் என்போம். அதைச் சுத்தம் செய்து, சின்னச் சின்னக் குழிகள் உள்ள பிளாஸ்டிக் தட்டில் பூசி வைப்போம். காய்ச்சல் வந்தவரின் உடம்பு வைரஸை எதிர்க்க உண்டாக்கிய எதிர்ப்புப் பொருள் ரத்தத்தில் இருந்தால் அது இந்தப் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும். ஒட்டியிருந்தால் குழி கடைசியில் மஞ்சளாகும். ஒட்டவில்லையென்றால் தண்ணீர் மாதிரி நிற்கும்.

சொல்வதற்கு எளிது. ஒன்றரை வருஷம் அந்தப் புரதம் எனக்கு அடங்கவே இல்லை. பாக்டீரியாவுக்குள் கட்டிகட்டியாகத் திரண்டு போகும். கரைத்தால் உருக்குலைந்துவிடும். ஒருவழியாக அந்த ஐப்பசியில்தான் சரியாக வந்தது. அடுத்து, உண்மையிலேயே நோய் வந்தவர்களின் ரத்தம் வேண்டும். அதனால் எங்கள் தெருவில் இத்தனை பேர் படுத்திருந்தது எனக்கு உள்ளூர சந்தோஷமாகவே இருந்தது. இதை எழுதக் கூசுகிறது. ஆனால் அப்படித்தான் இருந்தது.

எங்கள் காம்பவுண்டில் மூன்று வீடுகள். பின்வீட்டில் ஒரு நெசவுக் குடும்பம். கணவன், மனைவி, கணவனின் அம்மா, பன்னிரண்டு வயசுப் பெண் ஒருத்தி. அந்த மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். பிளஸ் டூ பரீட்சை சமயத்தில் என் அம்மாவுக்கு அறுவை சிகிச்சை நடந்தபோது, ஒரு மாதம் எனக்குச் சோறு போட்டவள் அவள்தான். கரை ஒரு நிறமும் உடல் ஒரு நிறமுமாக நெய்யும் சேலைக்குத் தறியில் இரண்டு பேர் வேண்டும். அவள் கணவர் நெய்வார், அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, கரைக்கான ஊடை நூல் சுற்றிய நாடாவைக் கையால் போடுவாள்.

காய்ச்சல் வருவதற்குச் சில நாள் முன்னால் அந்த வீட்டில் ஒரு சண்டை. ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கம்பெனி கேன்டீனில் வேலைக்குப் போகிறேன் என்று அக்கா கேட்டிருக்கிறாள். மாமியார் கூடாது என்றுவிட்டாள். அடுத்த வாரமே அக்காவுக்குக் காய்ச்சல். மூன்று நாளில் காய்ச்சல் விட்டது. ஆனால் விரல்கள் மடங்கவில்லை. நாடாவைப் பிடிக்க முடியவில்லை. பாதி நெய்த சேலை தறியில் நின்றது. தறியில் உட்காராமல் இருக்க அவள் செய்யும் வேலை இது என்று வீட்டில் முடிவு கட்டிவிட்டார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமியார் என்னைக் கூப்பிட்டாள். கையில் ரத்தப் பரிசோதனைச் சீட்டு.

"நீதான் இதெல்லாம் படிக்கிற. காய்ச்சல் விட்டு ஒரு மாசம் ஆவுது. இன்னும் கை வலிக்குதுன்னு சொல்லிக்கினே இருக்கா. இதுல என்னா போட்டிருக்குதுன்னு நீயே பார்த்து சொல்லு."

பார்த்தேன். கார்டு வைத்துச் செய்யும் உடனடிச் சோதனை. டெங்கு நெகட்டிவ். சிக்குன்குனியா நெகட்டிவ்.

"ரெண்டுமே இல்லைன்னு போட்டிருக்குது பெரியம்மா."

"அப்போ ஒண்ணும் இல்ல?"

"இல்லைன்னுதான் அர்த்தம்."

அக்கா சமையலறை நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தாள். "வலிக்குதேமா" என்று மட்டும் சொன்னாள். அவள் கணவர் தறிக்குழியிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "படிச்ச பொண்ணே சொல்லுது" என்றார்.

அந்தச் சீட்டில் ரத்தம் எடுத்த தேதியும் இருந்தது. காய்ச்சல் தொடங்கிய இரண்டாவது நாள். அந்தக் கார்டுக்குள் ஒரு கோடாகப் பூசியிருப்பதும் நான் செய்வது போன்ற புரதம்தான். ரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் இருந்தால்தான் அந்தக் கோடு தெரியும். அது உண்டாக நாலைந்து நாளாவது ஆகும். இரண்டாம் நாள் எடுத்த ரத்தத்தில் நெகட்டிவ் என்றால் நோய் இல்லை என்று சொல்ல முடியாது. என் ஆய்வின் முதல் பக்கத்திலேயே இதைத்தான் எழுதியிருந்தேன். அன்றைக்கு அந்தத் தேதியைப் பார்த்து "எப்போ காய்ச்சல் வந்துச்சு?" என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை. எல்லாரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உடனே பதில் சொல்வது எனக்குப் பெருமையாக இருந்தது.

இரண்டு வாரம் கழித்து, செவிலியராக வேலை பார்க்கும் என் தோழியைக் கூட்டிக்கொண்டு வந்து தெருவில் பதினெட்டுப் பேரிடம் ரத்தம் எடுத்தேன். எங்கள் வீட்டு முன்னறையில் நாற்காலி போட்டு ஒவ்வொருவராக உட்காரவைத்தோம். பதினோராவது ஆளாக அக்கா வந்தாள். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடப் பேனாவைப் பிடிக்க முடியாமல் இரண்டு கையாலும் பிடித்தாள்.

"இதுலயாவது தெரியுமாமா?"

"தெரியும்க்கா. வந்ததும் நானே வந்து சொல்றேன்."

ஊசியை எடுத்துப் பஞ்சை வைத்தபோது குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள். "எல்லாரும் சொல்றத கேட்டுக் கேட்டு எனக்கே சந்தேகமா இருக்குதுமா. நெஜமாவே நான் நடிக்கிறனோன்னு."

நான் சிரித்துவிட்டுப் பன்னிரண்டாவது ஆளைக் கூப்பிட்டேன்.

தை மாதத்தில் அந்தச் சோதனையைச் செய்தேன். பதினோராம் எண் குழிதான் முதலில் நிறம் மாறியது. மற்றவை யோசித்துக்கொண்டிருக்கும்போதே அது நீலமாகி, அமிலத்தை விட்டதும் அடர்ந்த மஞ்சளாக நின்றது. விலைக்கு வாங்கிய வேறு ஒரு கிட்டிலும் போட்டுப் பார்த்தேன். அதிலும் அப்படியே. சந்தேகத்துக்கு இடமே இல்லை. எண்ணுக்கு நேரே பெயர் எழுதிய பட்டியல் என்னிடம்தான் இருந்தது. எடுத்துப் பார்க்கத் தேவையிருக்கவில்லை.

என் பேராசிரியருக்கு மிகவும் சந்தோஷம். "இந்த ரத்தம் இன்னும் எவ்வளவு இருக்கு?" என்று கேட்டார். அன்றிலிருந்து ஒவ்வொரு முறையும் சோதனை சரியாக நடக்கிறதா என்று காட்டும் அத்தாட்சியாக அக்காவின் ரத்தத்தையே முதல் குழியில் விட்டோம். அது மஞ்சளானால்தான் மற்றக் குழிகளை நம்புவோம். வாரத்துக்கு இரண்டு தடவை உறைபெட்டியைத் திறந்து அந்தக் குழாயை எடுத்து, கைக்குள் வைத்து இளக்கி, ஒரு சொட்டு எடுப்பேன். அப்படி ஏழு மாதம் எடுத்தேன்.

ஏன் போய்ச் சொல்லவில்லை என்று அப்போதே பல தடவை எனக்கு நானே கேட்டுக்கொண்டேன். எண் போட்ட ரத்தம், பெயரோடு சேர்த்துப் பேசக் கூடாது என்று ஒரு பதில் வைத்திருந்தேன். ஆய்வுச் சோதனையை வைத்து நோயாளிகளிடம் எதையும் உறுதியாகச் சொல்லக் கூடாது என்பது இன்னொன்று. இரண்டும் விதியில் இருப்பவைதான். ஆனால் பேராசிரியரே ஆரம்பத்தில் சொல்லியிருந்தார், "யாருக்காவது பாசிட்டிவ்னு வந்தா அரசு மருத்துவமனைக்குப் போய் ஒரு தடவை பார்த்துக்கச் சொல்லு" என்று. அதைச் சொல்ல ஒரு போன் போதும். நான் செய்யாததற்குக் காரணம் வேறு. போன் செய்தால், அன்று அந்த வீட்டில் நின்று நான் சொன்னது தப்பு என்றாகிவிடும். "படிச்ச பொண்ணே சொல்லுது" என்றவரின் முகத்தை நான் பார்க்கவேண்டியிருக்கும். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளினேன். ஊருக்கு வரும்போது பின்வாசல் பக்கம் போவதையே நிறுத்திவிட்டேன்.

மாசியில் அம்மா போனில் சொன்னாள். "பின்வீட்டு அக்கா அவங்க அம்மா வூட்டுக்குப் போயிட்டா. தென்னேரிக்கு. கைய ஓங்கிட்டாராம் அவரு. பொண்ண அனுப்பல. பொண்ணும் வரலைன்னு சொல்லிடுச்சாம்."

"அப்படியா" என்றேன். அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் நானும் சொல்லவேண்டியிருக்கும்.

சித்திரையில் ஒரு கருத்தரங்கில் என் முடிவுகளை ஆளுயரப் படமாக ஒட்டிவைத்தேன். வரைபடத்தில் எல்லாவற்றிலும் உயரமாக நின்ற கம்பம் பதினோராம் எண். அதைச் சுட்டிக்காட்டி ஒருவர், "நல்ல சாம்பிள்" என்றார். நன்றி என்றேன்.

ஆவணியில் குழாய் தீர்ந்துபோகும் நிலைக்கு வந்தது. "உங்க ஊர்க்காரர்தானே, இன்னொரு தடவை எடுத்துட்டு வர முடியுமா? காய்ச்சல் வந்து பத்து மாசம் ஆச்சு, எதிர்ப்புப் பொருள் இன்னும் எவ்வளவு இருக்குன்னும் பார்க்கலாம்" என்றார் பேராசிரியர். சரி என்று தலையாட்டினேன். என் கதையில் எனக்கே மிகவும் கேவலமாகத் தெரியும் இடம் இதுதான். உண்மையைச் சொல்வதற்காக நான் தென்னேரிக்குப் போகவில்லை. இன்னும் கொஞ்சம் ரத்தம் கேட்கப் போனேன். இதற்குள் தோழியிடம் ஊசியால் ரத்தம் எடுக்கவும் கற்றுக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை காலை வாலாஜாபாத் போய் அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்தேன். ஏரிக்கரைக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு ஓட்டு வீடு. அக்கா வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். விரல்கள் ஓரளவு மடங்கின. என்னைப் பார்த்ததும் எழுந்து, தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, "எப்படிமா இருக்க, அம்மா எப்படி இருக்காங்க?" என்று கேட்டாள். என் பையில் ஊசியும் குழாயும் இருப்பதைப் பார்த்துவிட்டாள்.

"ரத்தம் எடுக்கணுமா?"

"ஆமாக்கா. கொஞ்சம்."

அவள் மறுபேச்சுப் பேசாமல் ரவிக்கைக் கையை முழங்கைக்கு மேல் ஏற்றிவிட்டுக்கொண்டு கையை நீட்டினாள். நான் ரப்பர் பட்டையைக் கட்டினேன். நரம்பைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தபோது கேட்டாள். "அன்னிக்கு எடுத்தியே, அதுல என்னாமா வந்துச்சு?"

அவள் குரலில் குறை எதுவும் இல்லை. ஏதும் வந்திருக்காது, அதனால்தான் நான் சொல்லவில்லை என்றே நினைத்திருக்கிறாள்.

பட்டையை அவிழ்த்தேன். "சிக்குன்குனியா இருந்துச்சுக்கா. நல்லா தெரிஞ்சுது. உங்க கை வலி அதனாலதான்."

"எப்போ தெரிஞ்சுது?"

"தை மாசம்."

அவள் ஏற்றிவிட்ட ரவிக்கைக் கையை மெல்ல இறக்கிவிட்டாள். கீரைத் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "நான் இங்க வந்தது மாசி" என்றாள்.

நான் அழுதேன். அழுதது எனக்கே அசிங்கமாக இருந்தது. அவள் அழவில்லை, என்னைத் தேற்றவும் இல்லை. நான் நிறுத்தும்வரை இருந்துவிட்டு எழுந்தாள்.

"அதெல்லாம் உள்ள வைமா. எங்கூட வா."

"எங்கக்கா?"

"எம் பொண்ணு கிட்ட. நான் சொன்னா நம்ப மாட்டா. நீ சொல்லு."

பஸ்ஸில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துதான் வந்தோம். வாலாஜாபாத்தில் பஸ் மாறும்போது அவளே எனக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்தாள்.

மத்தியானம் பின்வீட்டுக்குள் நுழைந்தோம். தறிச் சத்தம் நின்றது. மாமியார் உள்ளேயிருந்து வந்தாள். மூலையில் பாடம் எழுதிக்கொண்டிருந்த பெண் நோட்டை மூடாமலேயே அம்மாவைப் பார்த்தாள். அக்கா யாருக்கும் முகமன் சொல்லவில்லை. "சொல்லுமா" என்றாள் என்னிடம்.

"அக்காவுக்கு வந்தது சிக்குன்குனியாதான் பெரியம்மா. ரத்தத்துல இருந்துச்சு. அது வந்தா காய்ச்சல் போன பிறகும் மாசக்கணக்குல மூட்டு வலி இருக்கும். அவங்க நடிக்கல."

மாமியார் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "அன்னிக்கு இங்க நின்னுக்கினு இல்லைன்னு சொன்னது யாரு?"

"நான்தான். ரத்தம் எடுத்த தேதியப் பார்க்காம தப்பா சொல்லிட்டேன்."

"தப்புன்னு எப்போ தெரிஞ்சுது?" அக்காவின் கணவர் கேட்டார். தறிக்குழியை விட்டு எழுந்திருக்கவில்லை.

"தை மாசம், மாமா."

அவர் குனிந்து பாவு நூலைப் பார்த்தார். மாமியார்தான் பேசினாள். "எங்கள கெட்டவங்களாக்கிட்டு இப்போ வந்து நிக்கிற. நீ அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இவ்வளவு தூரம் போயிருக்குமா?" கையை ஓங்கியது மாமியாரின் மகன்தான், நடிப்பு என்று சொன்னதும் மாமியார்தான். ஆனாலும் அந்தக் கேள்வியைக் கேட்க அவளுக்கு உரிமை இருந்தது.

அந்தப் பெண் எழுந்து என் பக்கம் வந்தாள். "அப்போ அம்மா கை நெஜமாவே வலிச்சுதா?"

"ஆமாம்மா. ரொம்ப வலிச்சிருக்கும்."

"எனக்குத் தலை பின்ன முடியலைன்னு சொல்லுவாங்க. ஸ்கூல்ல மிஸ் திட்டினாங்க. எங்கம்மா சோம்பேறி மிஸ்னு சொல்லிட்டேன்."

என்னிடம்தான் சொன்னாள். அம்மாவைப் பார்க்காமலேயே சொன்னாள். அக்கா ஓடிப்போய்க் கட்டிக்கொள்வாள் என்று நினைத்தேன். அவள் நின்ற இடத்திலேயே நின்று, "சாப்ட்டியா?" என்று கேட்டாள். பெண் தலையை ஆட்டினாள். "அடுத்த சனிக்கிழமை வரேன், பஸ் ஸ்டாண்டுக்கு வா" என்று சொல்லிவிட்டு அக்கா வெளியே வந்துவிட்டாள். வீட்டில் யாரும் அவளை உட்காரச் சொல்லவில்லை. போகாதே என்றும் சொல்லவில்லை.

பஸ் நிலையத்தில் வாலாஜாபாத் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது அவள் மறுபடி கையை நீட்டினாள். "இப்போ எடுத்துக்கோ."

"வேணாம்க்கா."

"வேணும்னுதானே வந்த?"

"வேணாம்க்கா" என்றேன் மறுபடியும்.

"உன் இஷ்டம்" என்று சொல்லிக் கையை இழுத்துக்கொண்டாள். அன்று மறுத்ததை ஒரு நல்ல காரியம் போலக் கொஞ்ச நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு யோசித்தால், அவள் கொடுக்க வந்ததையும் வாங்கிக்கொள்ளாமல் என் மனசை லேசாக்கிக்கொண்டேன், அவ்வளவுதான்.

திங்கட்கிழமை பேராசிரியரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர், "மீதி பதினேழு பேருக்கு?" என்று கேட்டார். அவர்களுக்கும் நான் சொல்லியிருக்கவில்லை. அடுத்த இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் வீடு வீடாகப் போனேன். சிலர் ரத்தம் கொடுத்ததையே மறந்திருந்தார்கள். மளிகைக்கடைக்காரர், "இப்போ சொல்லி என்னா ஆவப்போவுது" என்று சிரித்தார். ஒரு பாட்டி கால் வலிக்கு மந்திரிக்கப் போய்க்கொண்டிருந்தார்; அரசு மருத்துவமனைக்குப் போகச் சொன்னேன். இரண்டு வீட்டில் கதவைப் பாதிதான் திறந்தார்கள். பின்வீட்டு விஷயம் தெருவுக்கெல்லாம் தெரிந்திருந்தது. அம்மா அந்த மாதம் முழுக்கப் பின்பக்கம் துணி உலர்த்தவில்லை, மாடியில் உலர்த்தினாள்.

வேறொரு மருத்துவமனையிலிருந்து கிடைத்த ரத்தத்தை வைத்து ஆய்வை முடித்தேன். கட்டுரை வந்தது. பட்டமும் கிடைத்தது.

அக்கா கணவர் வீட்டுக்குத் திரும்பவில்லை. அவர் இரண்டு தடவை தென்னேரி போய்க் கூப்பிட்டதாக அம்மா சொன்னாள். அக்கா ஸ்ரீபெரும்புதூர் கேன்டீன் வேலையில் சேர்ந்தாள். பெண் சனிக்கிழமைகளில் போய்வந்துகொண்டிருந்து, ஒன்பதாம் வகுப்பில் அம்மாவோடு போய்விட்டாள். நான் அன்றே சரியாகச் சொல்லியிருந்தால் அந்தக் குடும்பம் சேர்ந்தே இருந்திருக்குமா, தெரியவில்லை. அக்காவே அதை விரும்பியிருப்பாளா என்றும் தெரியவில்லை. நெசவில்லாத இப்போதைய வாழ்க்கை அவளுக்குப் பிடித்திருப்பதாகவே தோன்றுகிறது. அதனால் என் கணக்கில் எதுவும் குறைந்துவிடாது. அவள் தன்னையே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்த மாதங்கள் என்னால் நீண்டன. ஒரு சிறுபெண் தன் அம்மாவைச் சோம்பேறி என்று நினைத்துக்கொண்டிருந்த நாட்களும்.

போன மாதம் காஞ்சிபுரம் பஸ் நிலையத்தில் அக்காவைப் பார்த்தேன். கோயிலுக்கு வந்திருந்தாளாம். என்னைப் பார்த்ததும் பெஞ்சில் வைத்திருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு இடம் விட்டாள். உட்கார்ந்தேன். பெண் பத்தாவது எழுதப்போகிறாள், கணக்குதான் கொஞ்சம் தகராறு என்றாள். டியூஷன் சேர்க்கலாமே என்றேன். சேர்த்திருக்கிறேன் என்றாள். அவள் பஸ் வந்தது. "வரேன்மா" என்று ஏறி, ஜன்னலோரம் இடம் கிடைத்து உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பஸ் திரும்பும்வரை நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.